எம்.டி.க்யூ. வினாத்தாள்: பைபோலாரைக் கண்டுபிடிக்க எவ்வளவு உதவும்?

தனக்கோ வீட்டில் ஒருவருக்கோ பைபோலார் (அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) இருக்குமோ என்று தேடுபவர்கள் கையில் சீக்கிரமே சிக்குவது இந்த எம்.டி.க்யூ. (Mood Disorder Questionnaire) வினாத்தாள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஹிர்ஷ்ஃபெல்டும் அவர் குழுவும் 2000இல் வெளியிட்டது. ஒரே பக்கம், ஐந்து நிமிட வேலை.

முதல் பகுதியில் 13 ஆம்-இல்லை கேள்விகள். தூக்கம் குறைந்தும் அலுப்பே தெரியாத காலம் உண்டா, பேச்சு வேகமானதா, குடும்பமே திண்டாடும்படி பணத்தை இறைத்தீர்களா என்கிற ரகம். ஏழு 'ஆம்' வந்ததுமே பயந்துவிடுகிறார்கள். கணக்கு அதோடு முடிவதில்லை. அவற்றில் சில ஒரே காலகட்டத்தில் சேர்ந்து வந்திருக்க வேண்டும். அதனால் நடுத்தரமான அல்லது கடுமையான பாதிப்பும் நேர்ந்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் 'பாசிட்டிவ்'.

நல்ல விஷயம், இது பழைய உற்சாக நாட்களைக் கிளறுகிறது. மனச்சோர்வோடு வருபவர் அழுகையையும் அசதியையும்தான் சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன் தூங்காமல் அலைந்து, கடை வைக்க மூன்று இடங்களில் அட்வான்ஸ் கொடுத்ததை யாராவது கேட்டால்தான் சொல்வார். அதைக் கேட்காமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அதுவே மேனியாவை, அதாவது கட்டுமீறிய உற்சாக நிலையை, கிளப்பிவிடும்.

சறுக்குவது 'பாதிப்பு' கேள்வியில். ஹைப்போமேனியாவில் (மேனியாவின் லேசான வடிவம்) இருந்தவருக்கு அது பாதிப்பாகவே தோன்றாது. "அப்பதானே நல்லா இருந்தேன்" என்பார். மனச்சோர்வோடு ஹைப்போமேனியா மட்டும் வரும் இரண்டாம் வகை பைபோலார் நழுவுவது பெரும்பாலும் இப்படித்தான். 2000 ஆய்வில், மனநல சிகிச்சைக்கு வந்தவர்களில் நோய் உள்ள பத்துப் பேரில் ஏழு பேரைப் பிடித்த இதே தாள், 2003இல் பொதுமக்களிடம் பார்த்தபோது மூன்று பேரைக்கூடப் பிடிக்கவில்லை.

இன்னொரு ஓட்டை: எத்தனை நாள் நீடித்தது என்று கேட்பதே இல்லை. மேனியா என்று சொல்ல பொதுவாக ஒரு வாரம், ஹைப்போமேனியாவுக்கு நான்கு நாட்கள் தேவை. மணிக்கணக்கில் மனநிலை மாறுபவரும், குடியாலோ ஸ்டீராய்டாலோ தைராய்டு மிகையாலோ படபடத்தவரும் இதில் 'ஆம்' போட்டுவிடலாம்.

ஆகவே இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கூடவே வாழ்பவர் தனியாக நிரப்பட்டும். அவருக்குத்தான் செலவும் சண்டையும் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு 'ஆம்' பக்கத்திலும் மாதம், எத்தனை நாள், எத்தனை மணி நேரத் தூக்கம், அப்போது சாப்பிட்ட மருந்து என்று குறித்து மனநல மருத்துவரிடம் கொடுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தாளைப் பார்த்து நிறுத்த வேண்டாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.