தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அம்மாவுக்குக் குடல் புற்றுநோய் சிகிச்சை: எட்டு மாத அனுபவம்

அம்மாவுக்குப் பெருங்குடலில் வந்த கட்டி கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த வாரம், முதலில் போன இடத்தில் "திங்கட்கிழமையே கீமோ ஆரம்பிச்சிடலாம்" என்றார்கள். எந்த மருந்து, ஏன் அது என்று கேட்டால் எல்லோருக்கும் இதுதான் என்று பதில். மனசு ஒப்பவில்லை. அப்புறம்தான் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து டர்பனில் இருக்கும் இந்தத் தனியார் புற்றுநோய் மையத்துக்கு அழைத்துப் போனோம்.

இங்கே டாக்டர் உடனே ஊசி போடவில்லை. கோலனாஸ்கோப்பியில் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது) எடுத்த சதைத் துண்டை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை. 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை உடைக்கும் நொதி சிலருக்குக் குறைவாக இருக்கும், அவர்களுக்கு வழக்கமான அளவு கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாம். காத்திருந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை. முடிவில் கட்டியின் கேராஸ் (KRAS) என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. அம்மாவுக்கு இருந்த மாற்றத்துக்கு செட்டுக்சிமாப் என்ற விலை கூடிய ஊசி பலன் தராது, தோல் வெடிப்பும் அரிப்பும்தான் மிச்சமாகியிருக்கும். அதை விட்டுவிட்டு ஆக்சாலிபிளாட்டின், 5-எஃப்யூ என்ற கீமோ மருந்துகளோடு, கட்டிக்கு ரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் கொடுத்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கல்லீரல் சர்ஜன் முதல் மாதமே வந்து பார்த்தது. ஒரு படிவத்தின் பின்பக்கம் நீலப் பேனாவால் கல்லீரலை வரைந்து, கட்டி இருக்கும் இடங்களில் மூன்று புள்ளி வைத்து, எங்கே வெட்டுவார், எவ்வளவு மிஞ்சும் என்று கோடு போட்டுக் காட்டினார். நல்ல கல்லீரல் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும் வளர்ந்துவிடுமாம். ஆனால் கீமோ அதிகமானால் அந்த நல்ல பாகமும் கெடும், ஸ்கேனில் புள்ளி மறைந்துபோனால் உள்ளே உயிரோடு இருக்கும் கட்டியை எங்கே தேடுவது, அதனால் சுருங்கியதும் வெட்டிவிடுவோம் என்றார். சொன்னபடியே ஆறு சுற்றோடு நிறுத்தி, பெவாசிசுமாப் உடம்பை விட்டுப் போக ஆறு வாரம் இடைவெளி விட்டு ஆபரேஷன் செய்தார்கள்.

ஆக்சாலிபிளாட்டின் ஏறினால் குளிர்ச்சி ஆகாது. எவர்சில்வர் டம்ளரைத் தொட்டாலே அம்மாவுக்கு விரலில் ஷாக் அடிப்பது போல இருக்கும். ஒரு ஜூலு நர்ஸ் ஒவ்வொரு முறையும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, டம்ளரைத் துண்டில் சுற்றி, "மாமா" என்று கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். அவர்கள் மொழியில் அம்மா என்று அர்த்தம். அந்தப் பெண்ணை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

மருத்துவத்துக்கு ஐந்து நட்சத்திரம், கணக்குப் பிரிவுக்கு இரண்டுதான். பரவிவிட்ட கேஸ் என்று மெடிக்கல் எய்டு (இங்கே மருத்துவக் காப்பீடு) மறுத்ததும், ரொக்கமாகக் கட்டச் சொன்னார்கள். பரவியிருந்தாலும், குறிப்பிட்ட சிகிச்சையால் ஐந்து வருடம் பிழைப்பவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் என்று நிரூபணமாகியிருந்தால், அதை மெடிக்கல் எய்டு கட்டாயம் கொடுக்க வேண்டிய, சட்டப்படியான குறைந்தபட்சப் பலனாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டு விதி. வெட்டி எடுக்கக்கூடிய கல்லீரல் கட்டி அதில் வரும். சர்ஜனே கடிதம் எழுதிய பிறகுதான் அனுமதி கிடைத்தது. தினமும் இதே வேலை பார்ப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

போகிறவர்கள் பயாப்ஸி செய்த லேபின் பெயரையும் ரிப்போர்ட் நம்பரையும் கையோடு கொண்டுபோங்கள். எங்களுக்கு அந்தச் சதைத் துண்டு எங்கே இருக்கிறது என்று தேடவே ஐந்து நாள் போனது.