பிளே ஸ்கூலை மதியம் 3 மணிக்குப் போய்ப் பாருங்கள்

திருப்பூரில் பிளே ஸ்கூலும் டேகேரும் ஒரே கட்டடத்தில் நடத்துகிற இடமாகப் பார்த்துக் குழந்தையை விடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலை 10 மணிக்கு அவர்கள் கூட்டிப்போய்க் காட்டுகிற இடம் வேறு, மதியத்துக்கு மேல் உங்கள் குழந்தை இருக்கப்போகிற இடம் வேறு. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருநாள் மதியம் 3 மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். உள்ளே விட மாட்டோம் என்றால் தயவுசெய்து அங்கே சேர்க்காதீர்கள்.

பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். அவிநாசி ரோட்டுப் பக்கம், வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பெயரில் நடக்கிற ஃபிரான்சைஸ் என்பது வரைக்கும் சொல்கிறேன். விசாரித்துப் பார்த்ததில் இதே மாதிரி கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் தெரிந்தவர்களுக்கு நடந்திருக்கிறது, அதனால் ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு அதைத் தவிர்த்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். நான் மெர்ச்சண்டைசர், ஷிப்மெண்ட் நேரத்தில் 6 மணிக்குள் கிளம்புவதே பெரிய விஷயம். அவருக்கு டையிங் யூனிட்டில் ஷிஃப்ட். என் அம்மா காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார், மாடு கன்றை விட்டுவிட்டு இங்கே வந்து தங்க முடியாது. பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அப்புறம் டேகேர் தவிர வேறு என்ன வழி?

சேர்க்கும்போது நாங்கள் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டோம். ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை குழந்தைகள்? பதினைந்து. கேமரா? போனிலேயே ஆப்பில் பார்க்கலாம். பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவார்கள்? ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு ஆயா. பச்சைப் புல் விரித்த விளையாட்டு இடம், சறுக்கு மரம், ஏசி, சுவரெல்லாம் யானையும் மயிலும். ஃபீஸ் வருடத்துக்கு 46,000, கிட் என்று தனியாக 8,500, டேகேருக்கு மாதம் 4,000. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினோம். இப்போது யோசித்தால், எங்களுக்குச் சொன்ன ஒவ்வொரு பதிலும் மதியம் 12.30 மணி வரைக்கும் உண்மை. 12.30க்கு பிளே ஸ்கூல் முடிகிறது, மிஸ்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், கிளாஸ் ஆயாக்களும் போய்விடுகிறார்கள், ஏசியை நிறுத்தி முன்பக்கத்தைப் பூட்டிவிடுகிறார்கள். அதற்கு மேல் பாப்பா அங்கே ஐந்தரை மணி நேரம் இருந்தாள். அந்த நேரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆப்பும் 1 மணிக்கு அணைந்துவிடும், தூங்கும் குழந்தைகளின் பிரைவசிக்காக என்று விளக்கம்.

ஆடி முடியும் சமயத்தில் பாப்பா ஒன்றுக்குப் போகும்போது அழ ஆரம்பித்தாள். எரிகிறது என்று சொல்லத் தெரியவில்லை, காலை இறுக்கிக்கொண்டு நிற்பாள். காய்ச்சல் வந்தது. டாக்டர் சிறுநீர்த் தொற்று என்றார், கல்ச்சர் டெஸ்ட் எடுத்து மருந்து கொடுத்தார். தண்ணீர் சரியாகக் குடிக்காமல், வரும்போது போகாமல் அடக்கி வைத்தால் இந்த வயதுப் பெண் குழந்தைகளுக்கு இது வரும், பகலில் எத்தனை தடவை போகிறாள் என்று கேட்டார். ஸ்கூலில் கேட்டேன், "நார்மலா போறா மேம்" என்றார்கள். தண்ணீரும் குடிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைப்போம், ஏனென்றால் காலையில் நான் ரொப்பிக் கொடுக்கிற சீரகத் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் காலியாகத்தான் வரும். டிபன் டப்பாவும் கழுவித் துடைத்து வரும்.

பாப்பாவேதான் சொன்னாள். ராத்திரி மருந்து கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னபோது, "ஆயாம்மா என் தண்ணியச் செடிக்கு ஊத்திட்டாங்க" என்றாள். ஏன் சாமி என்று கேட்டால், "செடிக்குத் தாகமாம்" என்கிறாள்.

அடுத்த நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு 3 மணிக்குப் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண், 1 மணிக்கு மேல் பேரண்ட்ஸ் உள்ளே வரக்கூடாது, குழந்தைகள் தூங்குகிறார்கள் என்று தடுத்தாள். எனக்கோ அழுகைச் சத்தம் கேட்கிறது. அவள் போனில் சென்டரை நடத்துகிற மேடத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான் பக்கத்துச் சந்து வழியாகப் பொடக்காலிக்கு, அதாவது கட்டடத்தின் பின்பக்கத்துக்குப் போய்விட்டேன்.

தகரம் போட்ட ஒரு அறை. 26 குழந்தைகள், எண்ணிப் பார்த்தேன், ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை. ஒரு டேபிள் ஃபேன். ஒரு போனை எவர்சில்வர் டப்பாமேல் சாய்த்து வைத்துப் பாட்டு ஓடுகிறது, முன்னால் உட்கார்ந்திருக்கிற நாலைந்து பேருக்குத்தான் அது தெரியும். சுவர் ஓரமாகப் பாட்டில்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி, எல்லாம் காலி. வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளில் மண் சொதசொதவென்று இருந்தது. பாத்ரூம் வெளியே, தாழ்ப்பாள் என் தோள் உயரத்தில். ஒரே ஒரு ஆயா.

அந்த அம்மாவின் மேல் கோபத்தோடுதான் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் பக்கென்று எழுந்து, ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க அம்மணி. தண்ணி குடிச்சா ஒன்னுக்கு வருதுன்னு ஒன்னொன்னா எந்திரிக்குதுங்க. ஒன்னயக் கூட்டிட்டுப் போனா மிச்சத்த ஆரு பாக்கறது? போன மாசம் ஒரு பையன் கேட்டத் தொறந்துட்டு ரோட்டுக்கே போயிட்டான். பாட்டில் ரொம்பியிருந்தா பெத்தவங்க கேப்பாங்கன்னு மேடம் சத்தம் போடறாங்க." சம்பளம் எட்டாயிரம், காலை 8 மணிக்கு வந்தால் ராத்திரி 7க்குத்தான் வீடு. செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன், என் குழந்தை வலியில் அழுதிருக்கிறாள். ஆனால் 26 குழந்தைகளை ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டு ஆளுக்கு நாலாயிரம் வாங்குகிறவர்தான் இதற்குப் பொறுப்பு.

இதைவிடப் பயந்த விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த அறைக்கு ஒரே கதவு, கதவை ஒட்டிப் பால் காய்ச்சுகிற கேஸ் அடுப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொன்ற தீ, சமையல் செய்த இடத்திலிருந்து கூரைக்குப் பரவியதுதான். அதற்கு அப்புறமும் ஒருத்தர் குழந்தைகளை வைத்துக்கொண்டு வாசலில் அடுப்பு வைக்கிறார் என்றால் அவரிடம் என்ன பேசுவது?

ஆனாலும் பேசினேன். அந்த மேடம் முதலில் சிரித்துப் பேசினார், கண்ணு, டென்ஷன் ஆகாதீங்க என்றார். பணம் என்று சொன்னதும் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் எக்காரணம் கொண்டும் ஃபீஸ் திருப்பித் தரப்படாது என்று இருக்கிறது. ரசீதை முன்பக்கம் பார்த்தால் ஸ்கூல் பெயரே இல்லை, ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ் பெயர், 46,000 முழுவதும் கல்விப் பொருட்கள் என்று போட்டிருக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டேன், ஒவ்வொரு சென்டரும் தனி உரிமையாளரால் நடத்தப்படுகிறது, எங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அட்மிஷனின்போது மட்டும் இந்தியா முழுக்க எத்தனை சென்டர் என்று அந்தக் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

ரிசப்ஷனில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது ஐஎஸ்ஓ சர்டிபிகேட்டும் ஃபிரான்சைஸ் சர்டிபிகேட்டும்தான். இரண்டுக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது பள்ளிக்கல்வித் துறையின் அனுமதி. அதற்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) என்று தனி அலுவலகம் இருக்கிறது, இந்த இடம் உங்கள் லிஸ்ட்டில் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்கலாம். அப்புறம் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, இந்த நான்கும். கேட்டால் முறைத்துப் பார்ப்பார்கள், பரவாயில்லை, அந்தப் பின்பக்கத்து அறையும் அந்தச் சான்றில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். ஆள் கணக்கும் முக்கியம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் பிளே ஸ்கூல்களுக்கு வகுத்த வழிகாட்டுதலில் 20 குழந்தைகளுக்கு ஒரு ஆசிரியர், கூடவே ஒரு பராமரிப்பாளர் என்று இருக்கிறது. காலைக்கு எத்தனை பேர், மதியத்துக்கு எத்தனை பேர் என்று பிரித்துக் கேட்டால்தான் சரியான பதில் வரும்.

எந்தச் சான்றையும் விட பாத்ரூமையும் பாட்டிலையும் பாருங்கள். குழந்தை தானாகப் போகிற தூரத்தில் பாத்ரூம் இருக்கிறதா, குழந்தைகள் போய் வந்ததற்கு அடையாளமாக உள்ளே ஈரம் இருக்கிறதா, மக் இருக்கிறதா. டிபனைக் கழுவாமல் கொடுத்துவிடச் சொல்லுங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். சாயங்காலம் வந்ததும் குழந்தை ஓடிப்போய் ஒன்றுக்குப் போகிறதா, மஞ்சளாகப் போகிறதா, வந்தவுடன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கேட்கிறதா என்று கவனியுங்கள். மூன்று வயதுக் குழந்தை புகார் சொல்லாது, செடிக்குத் தாகம் என்றுதான் சொல்லும்.

கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களுக்கு இன்னொரு விஷயம். 2017ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்துவரலாம் என்று சேர்த்தார்கள். 30க்கு மேல் பெண்கள் வேலை செய்கிற ஃபேக்டரியில் காப்பகம் வேண்டும் என்று அதற்கு முன்பே தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. திருப்பூரில் எத்தனை கம்பெனிகளில் அப்படி ஒரு அறையில் நிஜமாகக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று நமக்கே தெரியும். எங்கள் ஹெச்ஆரிடம் நானும் செக்கிங் செக்ஷன் அக்காக்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பாப்பா இப்போது காலையில் எங்கள் தெரு அங்கன்வாடிக்குப் போகிறாள். ஏசி இல்லை, சறுக்கு மரம் இல்லை, ஆனால் டீச்சர் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார், யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் அதே தெருவில் ரிட்டையர் ஆன ஒரு நர்ஸம்மா வீட்டில் ஆறு குழந்தைகளோடு இருக்கிறாள். தொற்று சரியாகிவிட்டது. தண்ணீர் குடி என்றால் மட்டும் இன்னும், குடிக்கலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறாள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள், அறிக்கை இன்னும் கைக்கு வரவில்லை. பணத்துக்காக நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிந்திருக்கிறேன், அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. நடந்தது ஆபத்து என்று தோன்றினால் யாருக்கும் காத்திராமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள். அங்கே இன்னும் குழந்தையை விட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்து அடையாளம் கண்டுகொண்டால், உங்கள் ரசீதின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள், நாளைக்கே 3 மணிக்கு ஒருமுறை போய் வாருங்கள். மனு கொடுக்க என்னோடு வருகிறீர்கள் என்றால் கமெண்டில் சொல்லுங்கள், வருகிற திங்கட்கிழமையும் நான் அங்கேதான் இருப்பேன்.