ஃபேட்டி லிவர் டிரையலில் 14 மாதம்: உள்ளே இருந்து ஒரு ரிவ்யூ

முதலிலேயே ஸ்டாரைக் கொடுத்துவிடுகிறேன், முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். டாக்டருக்கும் கோஆர்டினேட்டர் பெண்ணுக்கும் 5-க்கு 5. ரத்தம் எடுத்த தம்பிக்கு 4, ஒரு தடவை நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்திவிட்டார். ஒப்புதல் படிவத்துக்கு 1, அதுவும் தமிழில் ஒன்று கொடுத்தார்களே என்பதற்காக. டிரையல் முடிந்த பிறகு நடந்துகொண்ட விதத்துக்குப் பூஜ்யம்.

ஃபேட்டி லிவருக்கான ஒரு மாத்திரையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த டிரையல் இது. இடம் கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். மாத்திரைக் கம்பெனி பெயரும் வேண்டாம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். 2022 கடைசியில் கம்பெனியில் எல்லோருக்கும் மாஸ்டர் செக்-அப் எடுத்தார்கள், எனக்கு ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்தது. பக்கத்து சீட்டுக்காரருக்கும் கிரேடு 2, முதலாளிக்கும் அதேதான், அதனால் டீக்கடையில் வைத்து சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். வலி கிடையாது, காமாலை கிடையாது, சாப்பிட்டது செரிக்கிறது, அப்புறம் என்ன நோய்? லிவர் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்த அளவு மட்டும் 88 இருந்தது, சர்க்கரையும் ஏற்கெனவே உண்டு. சர்க்கரை டாக்டர்தான் விடாமல் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்பினார். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தால் விலாவில் விரலால் சுண்டுவதுபோல் பத்துத் தடவை தட்டும், அவ்வளவுதான். லிவரின் இறுக்கம் 10.2 கிலோபாஸ்கல். கொழுப்பு படிந்ததோடு நிற்கவில்லை, தழும்பு விழ ஆரம்பித்திருக்கலாம் என்றார்கள்.

நான் குடிக்கிறவன் இல்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், லிவர் என்ற சொல்லைக் கேட்டவுடன் சொந்தக்காரர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், அது. டிரையலிலும் ஒவ்வொரு தடவையும் "போன தடவை வந்ததுக்கு அப்புறம் எத்தனை பெக்?" என்று கேட்பார்கள். அது அவர்கள் வேலை, குடி கலந்தால் கணக்கு கெட்டுவிடும். ஆனால் பதினோராவது தடவையும் அதே கேள்விக்கு "இல்லீங்க" என்று சொல்லும்போது நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

அப்போது 2023 ஆரம்பம். இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை ஒன்றுகூடக் கிடையாது. நம் நாட்டில் ஆமதாபாத் சைடஸ் கம்பெனியின் சாரோகிளிட்டசார் மாத்திரைக்கு 2020-லேயே அனுமதி கொடுத்திருந்தார்கள். டாக்டர் அதைப் பற்றியும் சொன்னார், எடையைப் பற்றியும் சொன்னார், நான் அப்போது 84 கிலோ, பத்து சதவீதம் குறைத்தால் தழும்புகூடத் தணிய வாய்ப்புண்டு என்றார். எட்டரைக் கிலோ! "அது உங்களால முடியாதுன்னு நான் சொல்லல, ஆனா இங்க ஒரு டிரையல் நடக்குது, யோசிச்சுப் பாருங்க" என்றார். அந்த 'யோசிச்சுப் பாருங்க'வுக்காகத்தான் அவருக்கு 5 ஸ்டார். அன்றைக்கே கையெழுத்து கேட்டிருந்தால் போட்டிருப்பேன், அவர் கேட்கவில்லை.

இப்போது அந்தப் படிவம். 26 பக்கம். தமிழ்தான், ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று தெரியவில்லை. 'நீங்கள் சீரற்ற முறையில் ஒரு கரத்திற்கு ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று ஒரு வரி. எந்தக் கரம், வலதா இடதா என்று என் மனைவி கேட்டாள். பிரிவு என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் 2019-ல் வந்த மருந்து ஆய்வு விதிகளின்படி, பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத சும்மா மாத்திரை, தரப்படுகிற டிரையல் என்றால் அதற்கு எந்த மருத்துவப் பலனும் இருக்காது என்பதை நோயாளிக்கு எழுதித் தர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சை பாதிக்காது என்பதையும் எழுத வேண்டும். எழுதியிருந்தார்கள், 11-ஆம் பக்கத்தில், நாலு வரி நீள வாக்கியத்துக்கு நடுவில். நான் கணக்கு எழுதுகிறவன், ஜி.எஸ்.டி. சுற்றறிக்கைகளையே படித்துப் புரிந்துகொள்கிறவன், எனக்கே மூன்று இரவு ஆனது.

கோஆர்டினேட்டர் பெண் அதையே இரண்டு வரியில் சொன்னார். "அண்ணா, மூணு பேர் வந்தா ரெண்டு பேருக்கு மருந்து, ஒருத்தருக்கு சும்மா மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது." இந்த இரண்டு வரியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்தால் மீதி 25 பக்கத்தை மன்னித்துவிடலாம்.

சேர்வதற்கு முன்னால் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். நடத்துகிற சி.டி.ஆர்.ஐ. என்ற டிரையல் பதிவேட்டில் அந்த டிரையலைத் தேடிப் பார்த்தது. 2009-லிருந்து நம் நாட்டில் எந்த மருந்து டிரையலும் அதில் பதியாமல் நடக்கக் கூடாது. யார் பணம் போடுகிறார்கள், எந்த ஊர்களில் நடக்கிறது, நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கிற எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். மச்சினனிடம் காட்டியதும்தான் அவன் வாயை மூடினான், அதுவரை கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்று மனைவியைப் பயமுறுத்திக்கொண்டிருந்தான்.

லிவரிலிருந்து ஊசியால் துளிச் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸிதான் எல்லோரும் பயப்படுகிற இடம். பயந்ததில் தப்பில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே வலது விலா இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள், மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், முடிந்தது. குத்திய இடத்தைவிட வலது தோள்பட்டைதான் எனக்கு வலித்தது. அது சகஜம் என்று பிறகு சொன்னார்கள், முன்னாலேயே சொல்லியிருந்தால் ஹார்ட் அட்டாக் என்று நான் நர்ஸைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். அப்புறம் பல மணி நேரம் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும், பெரிய ரத்தக்கசிவு அபூர்வம், ஆனாலும் பார்த்துத்தான் அனுப்புவார்கள். இத்தனைக்கும் அந்த ஊசி எடுப்பது லிவரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, ஒரு இடத்தில் எடுத்தால் ஒரு மாதிரியும் அடுத்த இடத்தில் வேறு மாதிரியும் வரலாமாம். எனக்குத் தழும்பு எஃப்2, அதாவது நடுத்தர அளவு, என்று வந்தது, அவர்கள் தேடியது எஃப்2, எஃப்3 ஆட்களைத்தான். 'செலக்ட் ஆயிட்டீங்க' என்று போனில் சொன்னபோது ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், எதற்குச் சந்தோஷப்படுகிறோம் என்று பிறகுதான் உறைத்தது.

என் கூடவே ஸ்கிரீனிங்குக்கு வந்த ஐ.டி. பையன் ஒருவன் பயாப்ஸி என்றதும் எழுந்து போய்விட்டான். "உடம்புல ஒண்ணுமே தெரியல, எதுக்குங்க குத்திக்கணும்?" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த நோயின் சிக்கலே அதுதானே, முற்றும்வரை ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாதவரை ஊசிக்கு யார் கையை நீட்டுவார்கள்?

டிரையல் ஆட்கள் எல்லோரையும் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள், அதனால் ஒரு செட் சேர்ந்துவிட்டது. ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இலவசம் என்பதற்காகவே வந்தவர், அதை மறைக்கவும் மாட்டார். தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா, அண்ணன் லிவர் சுருங்கிச் செத்ததைப் பார்த்தவர். அவர் மகனுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "எலிக்குக் குடுக்கறத உனக்குக் குடுக்கறாங்கன்னு திட்டறானுங்க. எலிக்கெல்லாம் முன்னயே குடுத்துப் பாத்துட்டாங்களாமா, டாக்டரம்மா சொன்னாங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு என்னவோ அந்தப் படிவத்தை எழுதுகிற வேலையை இந்த அம்மாவிடம் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அங்கே முக்கால்வாசிப் பேச்சு ஒன்றுதான், யாருக்கு நிஜ மாத்திரை. வயிறு கலக்கினால் நிஜம், பசி குறைந்தால் நிஜம், ஒன்றும் ஆகவில்லை என்றால் முகம் வாடிவிடும். பக்கவிளைவு வரவில்லையே என்று வருத்தப்பட்ட கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நடுவில் ஒரு கூத்து. 2023 ஜூனில் உலக லிவர் டாக்டர்கள் சேர்ந்து நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள், கொழுப்போடு அழற்சியும் சேர்ந்த நிலைக்கு இருந்த நாஷ் என்ற பெயர் மாஷ் ஆனது. ஃபேட்டி என்ற சொல் நோயாளியைக் கேவலப்படுத்துகிறது என்பதும் ஒரு காரணமாம். நல்ல எண்ணம்தான். திருப்பூரில் இன்றைக்கும் அது ஃபேட்டி லிவர்தான்.

குறைகளில் பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் மாதிரி எதுவும் கிடையாது, எதிர்பார்க்கவும் கூடாது, ஒரு தடவைக்கு 800 ரூபாய் போக்குவரத்துச் செலவு. அதுவும் முதல் மூன்று தடவைக்கானது நாலு மாதம் கழித்துத்தான் வந்தது. திருப்பூர் பஸ்ஸுக்கு 800 தாராளம், ஆனால் என் அரை நாள் சம்பளத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தினக்கூலி ஆள் இதில் எப்படிச் சேருவார்? மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியச் செலவு அவர்களுடையது, அது சட்டம், அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

நல்லது என்றால், கவனிப்பு. பதினான்கு மாதமும் யாரோ ஒருவர் என் எடையையும் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாத்திரை விட்டுப்போனால் போன் வரும். "அண்ணா, இந்த மாசம் ஒரு கிலோ ஏறியிருக்கு, தீபாவளியா?" என்று கேட்பார் அந்தப் பெண், வெட்கமாக இருக்கும், அந்த வெட்கத்திலேயே ராத்திரிப் பரோட்டா போனது, காலை நடை வந்தது. முடியும்போது நான் 77 கிலோ, எஸ்.ஜி.பி.டி. 41.

இது மாத்திரையா, நடையா? இதற்குப் பதில் வேண்டும் என்றுதான் நான் கடைசிவரை இருந்தேன். ரெஸ்மெட்டிரம் என்ற மாத்திரைக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதன் டிரையலில் பெரிய டோஸ் எடுத்தவர்களில் அழற்சி அடங்கியது சுமார் 30 சதவீதம் பேருக்கு, பிளாசிபோக்காரர்களில் சுமார் 10. 2025 ஆகஸ்டில் அதே நோய்க்கு செமாகுளுடைடு ஊசியை அங்கே அனுமதித்தார்கள், அதன் டிரையலில் ஊசி மருந்து எடுத்தவர்களில் சுமார் 63 சதவீதம், பிளாசிபோக்காரர்களில் சுமார் 34. அதாவது சும்மா ஊசி போட்டவர்களிலேயே மூன்றில் ஒருவருக்குச் சரியாகியிருக்கிறது! நான் அந்த ஒருவனா? அந்த ஊசி 2025 ஜூனில் எடை குறைப்புக்காக நம் ஊர் மருந்துக்கடைக்கு வந்தபோது மாதம் 17,000 ரூபாய்க்கு மேல், அந்த விலையை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

இரண்டாவது பயாப்ஸி முடிந்தது. கைகொடுத்தார்கள், ஒரு பை கொடுத்தார்கள், ரிப்போர்ட் கேட்டேன். எல்லா ஊர்களிலும் முடிந்து கணக்கைப் பூட்டிய பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். நியாயம்தான், பாதியில் சொன்னால் ஆய்வு கெடும். ஆனால் எப்போது, யார் சொல்வார்கள் என்று ஒரு காகிதத்திலும் இல்லை, நானும் சேரும்போது கேட்கவில்லை. மருந்து வேலை செய்தால் டிரையலுக்குப் பிறகும் கிடைக்குமா என்றும் கேட்கவில்லை. வேறு நல்ல சிகிச்சை இல்லாத நோய் என்றால், டாக்டர் சிபாரிசு செய்து நெறிமுறைக் குழுவும் ஒத்துக்கொண்டால் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும் என்று அதே 2019 விதிகளில் இருக்கிறது. சேரப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள். பிளாசிபோ எத்தனை பேருக்கு, பயாப்ஸி எத்தனை தடவை என்பதையெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மறுபடியும் கூப்பிட்டால் போவேன். தாராபுரத்து அம்மாவும் போவேன் என்கிறார், கண்டக்டர் பயாப்ஸி இல்லாமல் என்றால் மட்டும்.

ஒரு வருடம் பொறுத்துவிட்டுப் போன மாதம் போன் செய்தேன். பழைய கோஆர்டினேட்டர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், புதிதாக ஒரு பையன் எடுத்தான். பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமை செட் என்றேன், அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "சப்ஜெக்ட் நம்பர் ஞாபகம் இருக்குங்களா சார்?" என்றான். இருந்தது, மனப்பாடமாகவே சொன்னேன். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான், இன்னும் கூப்பிடவில்லை.