தூரத்து அறைக் கணினிகளுக்கு லேன் கேபிளா, வைஃபை ரிப்பீட்டரா?

முதலில் ரூட்டர் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து வேகம் பாருங்கள். அங்கேயே திணறினால் கோளாறு பெரும்பாலும் இன்டர்நெட் லைனில் அல்லது ரூட்டரில்; அதைச் சரிசெய்யாமல் கேபிள், ரிப்பீட்டர் இரண்டுமே தண்டச்செலவு.

வேகம்: கேட் 6 ரக லேன் கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) தரும். ரிப்பீட்டர் என்பது ரூட்டரின் வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி. ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், சிக்னலை வாங்கிய சேனலிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு கணினியில் சேர்ந்து வீடியோ கால் போட்டால் குட்டு வெளிப்படும்.

வேலை: கேபிளுக்குச் சுவரில் துளை போடணும். ரிப்பீட்டர் சுலபம், ஆனால் சிக்னல் செத்த அறையில் செருகாதீர்கள், ரூட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில் செருகுங்கள்.

கோளாறு: கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால், பெரும்பாலும் உள்ளே உள்ள எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று ஆர்ஜே45 முனையில் (கேபிள் நுனியில் உள்ள பிளக்) சரியாகப் பதிந்திருக்காது. முனையை வெட்டிப் புது பிளக்கைக் கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்).

நகராத கணினிக்குக் கேபிள்தான். போன், டேப்லெட்டுக்கு ரிப்பீட்டர் போதும். ரூட்டரில் போர்ட் தீர்ந்தால் ஒரு போர்ட்டைப் பலவாக்கும் 5 போர்ட் கிகாபிட் (1 ஜிபிபிஎஸ்) ஸ்விட்ச் ஒன்று வையுங்கள்.