கார்னர் கொடிக்கு யார் காசு? மான்செஸ்டர், லண்டன், டாட்டன்ஹாம்: மூன்று மைதானங்களின் கணக்கு

2018 மார்ச் 10. 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய லண்டன் ஸ்டேடியத்தில் வெஸ்ட் ஹாம் அணி பர்ன்லியிடம் 0-3 என்று தோற்றது. ஆட்டம் நடக்கும்போதே கடுப்பான ரசிகர்கள் சிலர் புல்தரைக்குள் இறங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மைதானத்தின் மூலையில் இருந்த கார்னர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய், நட்டநடு வட்டத்தில் ஊன்றிப் பிடித்தபடி நின்றார். பழைய மைதானத்தை விட்டு எங்களை இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டீர்களே என்ற ஆத்திரம்.

ஆத்திரம் இருக்கட்டும். அந்தக் கொடிக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா? கிளப் இல்லை. குத்தகை ஒப்பந்தப்படி கார்னர் கொடி, கோல்போஸ்ட் முதற்கொண்டு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டுக்காரர் யாரென்றால் லண்டனின் பொது அமைப்பு. அதாவது வரிப்பணம்.

பொதுப்பணத்தில் கட்டிய விளையாட்டரங்கை ஒரு தனியார் கிளப்புக்கு வாடகைக்கு விடலாமா என்று கேட்டால் என் பதில், தாராளமாக விடலாம். சும்மா பூட்டிக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். எந்த நிபந்தனையில் விடுகிறோம் என்பதில்தான் விஷயம். இங்கிலாந்திலேயே இதற்கு அருகருகே வைத்துப் பார்க்கத் தோதான மூன்று வழிகள் இருக்கின்றன: மான்செஸ்டர் செய்தது, லண்டன் செய்தது, லண்டன் மைதானத்துக்கான போட்டியில் தோற்றுப்போன டாட்டன்ஹாம் கிளப் பிறகு தானே செய்துகொண்டது.

மான்செஸ்டர்: கட்டும் முன்பே குடித்தனக்காரர்

2002 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மைதானம் இது. சுமார் 11.2 கோடி பவுண்டு செலவு. அதில் 7.7 கோடி ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற பொது விளையாட்டு அமைப்பு வழியாக வந்தது. மீதி மாநகராட்சிப் பணம். போட்டி முடிந்ததும் மான்செஸ்டர் சிட்டி கிளப் இங்கே குடிவரும் என்பதை முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள். அதனால் வரைபடத்திலேயே கால்பந்து இருந்தது. காமன்வெல்த் போட்டியின்போது மூன்று பக்கம் நிரந்தரக் கேலரி, ஒரு பக்கம் தற்காலிகக் கேலரி, நடுவில் ஓடுதளம். போட்டி முடிந்ததும் தற்காலிகக் கேலரியைக் கழற்றி, ஓடுதளத்தைப் பெயர்த்து, தரையைத் தோண்டி இறக்கி, கீழே இன்னொரு அடுக்கு இருக்கைகளைக் கொண்டுவந்தார்கள். 38,000 பேர் உட்காரும் இடம் 48,000 ஆனது. 2003 ஆகஸ்டில் கால்பந்து தொடங்கிவிட்டது. தடகளக்காரர்களையும் கைவிடவில்லை. பக்கத்தில் பயிற்சிக்காகப் போட்ட ஓடுதளம் சின்ன அரங்கமாக அவர்களுக்கே நின்றது.

மாற்றியமைக்க மாநகராட்சி 2.2 கோடி, கிளப் 2 கோடி பவுண்டு போட்டார்கள். ஏறக்குறைய ஆளுக்குப் பாதி. கூடவே கிளப் தன் பழைய மைதானமான மெயின் ரோட்டை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 250 ஆண்டுக் குத்தகை. பராமரிப்பு, ஆட்கள், கரண்ட் எல்லாம் கிளப் செலவு.

வாடகையை நிர்ணயித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் மொத்தத் தொகை என்று எதுவும் இல்லை. மெயின் ரோட்டில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அதைத் தாண்டி விற்கும் டிக்கெட் பணத்தில் மாநகராட்சிக்குப் பங்கு. பழைய இடத்தில் சம்பாதித்ததை நீ வைத்துக்கொள், புதிய இடத்தால் கிடைக்கும் கூடுதலில் எனக்குக் கொடு, அவ்வளவுதான். விளைச்சலில் பங்கு பேசும் கிராமத்து வாரச் சாகுபடி மாதிரி. 2008இல் அபுதாபிப் பணம் கிளப்புக்குள் வந்த பிறகு இதைத் திருத்தி, ஆண்டுக்கு 30 முதல் 40 லட்சம் பவுண்டு வரை வருகிற மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். மைதானத்துக்கு எதிஹாட் என்று அபுதாபி விமான நிறுவனத்தின் பெயர் வைக்கும் உரிமையும் அந்தப் பேச்சோடுதான் கைமாறியது. 2015இல் ஒரு பக்கக் கேலரியை உயர்த்தி 55,000 ஆக்கிய செலவும் கிளப் தலையில்தான்.

குறை இல்லாமல் இல்லை. 250 ஆண்டு என்பது குத்தகை என்ற பெயரில் கொடுத்த தானம்தான். மைதானத்தைச் சுற்றியுள்ள பகுதியில் மாநகராட்சியும் அபுதாபித் தரப்பும் சேர்ந்து வீடு கட்டிய திட்டத்தில் நிலம் மலிவாகப் போய்விட்டது என்ற விமர்சனமும் உண்டு. மைதானக் குத்தகை நன்றாக இருந்தது என்பதற்காக அந்த நகரமும் கிளப் முதலாளிகளும் பேசிய எல்லாப் பேச்சும் நன்றாக இருந்தது என்று அர்த்தமில்லை.

லண்டன்: காலி வீட்டை வைத்துக்கொண்டு பேரம்

2005இல் சிங்கப்பூரில் ஒலிம்பிக் வாய்ப்பை வாங்கும்போது லண்டன் கொடுத்த வாக்கு, தடகளத்துக்கு ஒரு நிரந்தர மைதானம் இருக்கும் என்பது. அதற்கேற்ப, 80,000 பேர் அரங்கைக் கட்டி, ஒலிம்பிக் முடிந்ததும் மேல் அடுக்கைக் கழற்றி 25,000 பேர் தடகள அரங்காகச் சுருக்குவது என்று வடிவமைத்தார்கள். கால்பந்து வேண்டாம் என்று அப்போதே ஒதுக்கிவிட்டார்கள். கட்ட ஆன செலவு சுமார் 42.9 கோடி பவுண்டு.

பிறகு மனசு மாறியது. 25,000 பேர் தடகள மைதானம் தன் செலவுக்கே சம்பாதிக்காது என்பது உறைத்ததும் கால்பந்து கிளப் தேட ஆரம்பித்தார்கள். கழற்றுவதற்காகக் கட்டியதை இப்போது கழற்றாமல் வைத்து, மேலே வேறு வேலை செய்ய வேண்டும். கூரை மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குத்தான் நிழல் தந்தது. எல்லா இருக்கைக்கும் மேல் வருகிற மாதிரி பெரிய கூரை போட்டு, ஒலிம்பிக்கில் மேலே நீட்டிக்கொண்டிருந்த விளக்குக் கோபுரங்களைத் தலைகீழாகக் கூரைக்கு அடியில் மாட்டினார்கள். ஓடுதளமும் இருக்க வேண்டும், கால்பந்து ரசிகரும் ஆட்டத்துக்கு அருகில் உட்கார வேண்டும் என்றால் கீழ் இருக்கைகள் முன்னும் பின்னும் நகர வேண்டும். 19 கோடி என்று சொன்ன மாற்று வேலை 32.3 கோடி பவுண்டில் போய் நின்றது. கட்டியதையும் சேர்த்தால் 75 கோடிக்கு மேல்.

இதில் வெஸ்ட் ஹாம் போட்டது 1.5 கோடி பவுண்டு, ஒரே தடவை. ஆண்டு வாடகை சுமார் 25 லட்சம் பவுண்டு, விலைவாசிக்கேற்ப ஏறும். 99 ஆண்டு. கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் வாடகை பாதி. ஒரு சீசனில் 25 ஆட்டம் என்று வைத்தாலும் ஓர் ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு. அதற்குள் காவலர்கள், வழிநடத்தும் ஆட்கள், டர்ன்ஸ்டைல், புல்தரைப் பராமரிப்பு, முன்சொன்ன கொடி எல்லாம் வீட்டுக்காரர் தருகிறார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வரும் வாடகையைவிட ஆகும் செலவு அதிகம். வாடகைக்கு விட்ட வீட்டில் கரண்ட் பில்லும் வாட்ச்மேன் சம்பளமும் வீட்டுக்காரரே கட்டி, குடித்தனக்காரர் சமைக்க கேஸ் சிலிண்டரும் வாங்கித் தருவது மாதிரி.

இருக்கையை நகர்த்துவதில் இன்னொரு கூத்து. ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பவுண்டு ஆகும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அது 80 லட்சத்தைத் தொட்டது. வாடகையைப் போல மூன்று மடங்கு, நாற்காலியைத் தள்ளி வைக்க மட்டும். ஓடுதளத்தை மூடும் விரிப்பு பச்சையா, கிளப்பின் அரக்கு நிறமா என்று வீட்டுக்காரரும் கிளப்பும் மல்லுக்கட்டியது வேறு. அது 2018இல்தான் ஒருவழியாக முடிந்தது.

இந்த ஒப்பந்தமே முதலில் ரகசியம். 14 கிளப்களின் ரசிகர் சங்கங்கள் சேர்ந்து தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு, மேல்முறையீடு வரை போய், 2016 ஏப்ரலில்தான் முழுசாக வெளியே வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மேயர் சாதிக் கான் விசாரணைக்கு உத்தரவிட்டார். மைதானம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்டு நஷ்டத்தில் ஓடுவது அதில் தெரிந்தது. ஏழைகள் நிறைந்த நியூஹாம் உள்ளாட்சி இந்த மைதானத்துக்காகக் கொடுத்த 4 கோடி பவுண்டு கடனும் போனது போனதுதான்.

ஏன் இப்படி எழுதிக்கொடுத்தார்கள்? 2011இல் வெஸ்ட் ஹாமும் நியூஹாமும் சேர்ந்து மைதானத்தை எடுத்துக்கொள்வதாக ஓர் ஏற்பாடு இருந்தது. அதில் மாற்றியமைக்கும் பாரம் பெரும்பாலும் அவர்கள் தலையில். டாட்டன்ஹாமும் பக்கத்துச் சின்னக் கிளப்பான லெய்ட்டன் ஓரியன்ட்டும் வழக்குப் போட, அந்த ஏற்பாடு அக்டோபரில் கலைந்தது. அடுத்த ஏலத்தில் பொது அமைப்பே உரிமையாளராக இருந்து, கிளப்பை வெறும் குடித்தனக்காரராக வைப்பது என்றானது. அப்போது ஆட்டத்தில் மிஞ்சிய பெரிய கிளப் ஒன்றே ஒன்று. அந்தப் பக்கம் ஒலிம்பிக் முடிந்து காலியாக நிற்கும் 80,000 இருக்கைகள், பத்திரிகைகளின் கேலி. வாடகைக்கு வருபவருக்கு அது தெரியாதா என்ன? வெஸ்ட் ஹாம் நிர்வாகத்தை இதில் நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல பேரம் கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள்.

டாட்டன்ஹாம்: சொந்தக் காசு, கொஞ்சம் அரசு தயவும்

2011 போட்டியில் டாட்டன்ஹாம் வைத்த யோசனை எல்லாருக்கும் அபசாரமாகப் பட்டது. ஒலிம்பிக் மைதானத்தின் பெரும்பகுதியை இடித்துவிட்டு, ஓடுதளம் இல்லாத கால்பந்து மைதானம் கட்டுகிறோம். தடகளத்துக்குப் பதிலாகக் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தைச் சீர்செய்து தருகிறோம் என்றார்கள். ஒலிம்பிக் சுடர் ஏற்றப்போகும் இடத்தை இடிப்பதா என்று கொதித்தார்கள். கணக்கை மட்டும் பார்த்தால் அது அப்படியொன்றும் மோசமான யோசனை இல்லை என்றே இப்போது தோன்றுகிறது.

தோற்றபின் அவர்கள் பழைய ஒயிட் ஹார்ட் லேன் இடத்திலேயே கடன் வாங்கிப் புதிதாகக் கட்டினார்கள். ஏறக்குறைய 100 கோடி பவுண்டு. 2019 ஏப்ரலில் திறந்தார்கள், 62,000 பேருக்கு மேல் உட்காரலாம். அமெரிக்கக் கால்பந்துக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்று முதலிலேயே திட்டமிட்டார்கள். புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து கேலரிக்கு அடியில் போய்விடும், கீழே இருக்கும் இன்னொரு தரை வெளியே தெரியும். அதற்கு அரைமணி நேரம்கூட ஆவதில்லை. லண்டன் ஸ்டேடியத்தில் இருக்கையை நகர்த்த நாள்கணக்கில் ஆவதை நினைத்துக்கொள்ளுங்கள். தன் காசைப் போடுபவர் நகரும் பாகத்தைப் பற்றி முன்னாலேயே யோசிக்கிறார்.

சரி, இது முழுக்கத் தனியார் சாதனையா என்றால் இல்லை. உள்ளாட்சி கட்டாய நில எடுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியது; கடைசிவரை எதிர்த்த குடும்பத் தொழில் ஒன்று நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. குறைந்த விலை வீடுகள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் உள்ளாட்சி தளர்த்தியது. காசோலை தராமலும் அரசு காசு தரலாம்.

எதை எடுப்பேன்

உள்ளாட்சி நாற்காலியில் நான் இருந்தால் மான்செஸ்டர் ஒப்பந்தத்தைத்தான் முன்மாதிரியாக எடுப்பேன், ஆண்டுகளை மட்டும் நன்றாகக் குறைத்துக்கொண்டு. பணக்கார கிளப் என்றால் டாட்டன்ஹாம் வழிக்கே தள்ளிவிடுவேன், வீட்டு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்காமல்.

லண்டனிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கையெழுத்தான பத்து ஆண்டுக்குள் முதலாளிகள் கிளப் பங்கை நல்ல லாபத்துக்கு விற்றால் அதில் பொது அமைப்புக்கும் ஒரு பங்கு என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. 2021 நவம்பரில் செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் கிரெட்டின்ஸ்கி 27 சதவீதம் வாங்கியபோது கெடு முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. எவ்வளவு தர வேண்டும் என்று இரண்டு தரப்பும் சண்டைக்கு நின்றன.