முள்ளில்லா சப்பாத்திக்கள்ளி: மூன்று மடலில் ஒன்று வேறு இனம்

"முள்ளில்லாதது, பழம் தரும், மூன்று மடல்" என்று போட்டிருந்ததைப் பார்த்து இந்தச் சப்பாத்திக்கள்ளியை இணையத்தில் வாங்கினேன். மடல் என்பது இலைபோலத் தெரியும் அதன் தட்டையான தண்டு. ஏழு மாதம் வளர்த்துவிட்டு எழுதுகிறேன்.

கட்டி அனுப்பிய விதத்தில் குறையே இல்லை. ஒவ்வொரு மடலையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றியிருந்தார்கள். வெட்டுவாய் நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தால் வழியிலேயே அழுகியிருக்கும்.

மனக்குறை மூன்றாவது மடலில்தான். முதல் இரண்டும் முன்னங்கை நீளம், சாம்பல் பூத்த பச்சை, புள்ளிகள் தள்ளித் தள்ளி. பழத்துக்காக வளர்க்கும் ஒபுன்ஷியா ஃபிகஸ்-இண்டிகா அப்படித்தான் இருக்கும். மூன்றாவது உள்ளங்கை அளவுகூட இல்லை. மஞ்சள் புள்ளிகள் நெருக்கி நெருக்கி, ஒவ்வொன்றிலும் பஞ்சுபோல ஒரு குஞ்சம். அது அழகுக்காகத் தொட்டியில் வைக்கும் ஒபுன்ஷியா மைக்ரோடேசிஸ். அதிலும் நீள முள் கிடையாது. ஆனால் அந்தக் குஞ்சம் முழுக்கச் சுணை. மயிரைவிட மெல்லியது, தோலில் ஏறினால் பின்னோக்கிய கொக்கிகளால் மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் எடுத்துவிட்டேன். விளக்கடியில் லென்ஸும் இடுக்கியுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் இரண்டு நாள் விரல் குத்திக்கொண்டே இருந்தது. தேய்க்க மட்டும் தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே போகும். என் நான்கு வயது மகள் தொட்டிருந்தால் என்று நினைத்தாலே பதறுகிறது. முதல் இரண்டு மடலிலும் சுணை உண்டு, குறைவாக. 'முள்ளில்லாதது' என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

முதல் இரண்டையும் பத்து நாள் நிழலில் கிடத்தி, பாதிக்குப் பாதி பருமணல் கலந்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நிற்கவைத்தேன். இரண்டு வாரம் தண்ணீரே ஊற்றவில்லை. ஐந்தாவது வாரம் மெல்ல அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. வேர் பிடித்துவிட்டது! மூன்றாம் மாதம் விளிம்பில் கட்டைவிரல் அளவில் ஒரு துளிர். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் பச்சையாகக் குட்டிக் கொம்பு. பூச்சியோ என்று பயந்தேன். அவைதான் இந்தச் செடியின் உண்மையான இலைகள். மடல் முற்றும்போது தானே உதிர்ந்துவிட்டன.

விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். அன்றே வருத்தம் தெரிவித்து, மாற்று மடலுக்குப் பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படமெடுத்து எனக்குக் காட்டிய பிறகே அதை அனுப்பினார்கள். சரியான இனம்தான் வந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். அறிவிப்பில் 'சுணை உண்டு, கையுறை போடவும்' என்று ஒரு வரி சேர்த்தால் ஐந்தாவதையும் போட்டுவிடுவேன்.