பழைய சீனப் பீங்கானுக்கு லென்ஸ் – டார்ச் செட்: வாங்கலாமா?

பழைய சீனப் பீங்கானின் வயதைக் கண்டுபிடிக்க என்று சொல்லி, மடக்கு லென்ஸ் ஒன்றும் புற ஊதா டார்ச் ஒன்றும் ஒரே பெட்டியில் விற்கிறார்கள். லென்ஸுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. டார்ச் வயதைச் சொல்லாது, ஒட்டுவேலையை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

லென்ஸ் 10 மடங்கு இருந்தால் போதும். 30, 40 என்று பொறித்து வரும் மலிவு லென்ஸ்களில் பெரும்பாலும் எண் மட்டும்தான் பெரிது. ஓரம் மங்கும், வண்ணக் கீற்று அடிக்கும். மூன்று கண்ணாடி சேர்த்துச் செய்த டிரிப்ளெட்டைப் பார்த்து வாங்குங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கிண்ணத்தை லென்ஸிலிருந்து 25 மில்லிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கை மோதிரத்தை முதலில் கழற்றி வைப்பது நல்லது.

முதலில் ஓவியத்தைப் பாருங்கள். கோடுகள் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரே வரிசையில் பிரிந்து தெரிந்தால் அது அச்சு ஸ்டிக்கர். மேலே ஆராய வேண்டிய வேலையே இல்லை. தூரிகைக் கோடென்றால் நிறம் ஓரிடத்தில் தேங்கி, இன்னோரிடத்தில் மெலிந்திருக்கும்.

அடுத்தது தேய்மானம். கிண்ணத்தின் உள்ளடியிலும் அடிவளையத்திலும் இருக்கும் கீறல்கள் வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு திசையில் ஓட வேண்டும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலை. மெருகு (பீங்கான் மேலிருக்கும் கண்ணாடி போன்ற பூச்சு) முழுக்க ஒரே மாதிரி மங்கி, லென்ஸில் பொடிப்பொடிக் குழிகள் தெரிந்தால் அமிலத்தில் நனைத்திருக்கிறார்கள். கைபடாத இடுக்குகளிலும் மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். புழக்கத்தால் வந்த தேய்மானம் அங்கே எட்டாது.

நீலத்தில் ஒரு சோதனை சுவையானது. சீனப் பேரரசர் சுவாந்தே காலத்து (1426–1435) நீல வெள்ளைப் பாத்திரங்களில், நீல நிறம் தரும் இரும்புச் சத்து மிகுந்த கோபால்ட் ஆங்காங்கே கறுத்துத் திரண்டு, மெருகுக்குள் அமுங்கிக் கிடக்கும். 18ஆம் நூற்றாண்டில், சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெசென் ஓவியர்கள் அந்தத் திரட்டைத் தூரிகையால் புள்ளி வைத்தே போலி செய்தார்கள். லென்ஸில் பார்த்தால் அந்தப் புள்ளிகள் கோட்டின் மேல் ஒழுங்காக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும்.

எந்தப் பேரரசர் காலத்தது என்று அடியில் எழுதியிருக்கும் ஆட்சி முத்திரையை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். வழக்கமாக ஆறு எழுத்து. மேலிருந்து கீழாக, வலப்பத்தியிலிருந்து இடப்பத்திக்குப் படிக்க வேண்டும். பேரரசர் காங்ஷி காலத்தவர்களே (1662–1722) தங்கள் பாத்திரங்களில் முந்தைய பேரரசர் செங்ஹுவாவின் (1465–1487) முத்திரையைப் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் காங்ஷி முத்திரை தாராளமாகப் போடப்பட்டது. எழுத்தைவிட நிறம் நல்ல சாட்சி. பொன்னிலிருந்து எடுத்த ரோஜா நிற எனாமல் (மெருகின் மேல் தீட்டிச் சுடும் வண்ணம்) 1720களில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. முத்திரை காங்ஷி, மேலே தாராளமாக ரோஜா வண்ணம் என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தைய ஏற்றுமதிச் சரக்கு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்தின் விளைவு அது.

டார்ச் வாங்கும்போது அலைநீளத்தைப் பாருங்கள். பெட்டிகளில் அடிக்கடி வைப்பது 395 நானோமீட்டர். அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளி கலந்து, பார்க்க வேண்டிய ஒளிர்வையே மறைத்துவிடும். 365 நானோமீட்டர், முன்னால் கறுப்பு வடிகட்டி உள்ளது வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியைப் பெட்டியில் வைக்காமல் விற்பது பொறுப்பில்லாத வேலை, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, விளிம்பையும் கைப்பிடி சேரும் இடத்தையும் சாய்வாகக் காட்டுங்கள். பசையும் மேல்பூச்சும் பல சமயம் பால்போலவோ மஞ்சளாகவோ ஒளிரும். ஆனால் புதுவகைப் பூச்சுகள் சில ஒளிராமலேயே தப்பித்துவிடும். அதனால் டார்ச்சை அணைத்துவிட்டு விளிம்பை விரல் நகத்தால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். விரிசல் விட்டது மணிபோல் ஒலிக்காமல் ‘டொக்’ என்று அடங்கும்.

அடிவளையத்தின் பழுப்பு நிறம் சாயமா என்று அறிய ஈரப் பஞ்சால் துடைப்பதே போதும். பூச்சுகளைக் கரைக்கும் அசிட்டோனைத் தொடுமுன் பாத்திரத்துக்கு உரியவரிடம் கேட்டுவிடுங்கள். மேல்பூச்சு பூசிச் சரிசெய்த இடமென்றால் அதுவும் கரைந்து வந்துவிடும்.